முத்து வேண்டாத வீடு

தூத்துக்குடிக்கு வாழ வந்துவிட்டு, "தாயே, முத்து மட்டும் வேண்டாம்" என்று சாமியிடம் மன்றாடிய பெண் யாராவது உண்டா? இங்கே கேட்டால் சிரிப்பார்கள். முத்துக்குளிப்பு என்று தண்டோரா போட்டுவிட்டால், கழுத்தில் கிடக்கும் தாலி தவிர மற்றதை எல்லாம் அடகு வைத்துச் சிப்பிக் குவியலை ஏலம் எடுக்கிற ஊர் இது. ஆனால் அப்படியும் ஒருத்தி இருந்தாள். ஏரலிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த செல்லத்தாய். விடிந்ததும் வாசல் தெளித்த கையோடு அவள் செய்த முதல் காரியம், புருஷன் நயினாரின் வலது கண்ணில் முத்துப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

கண்ணில் ஏதய்யா முத்து என்று கேட்பீர்கள். சொல்லாமல் எங்கே போகப் போகிறேன்!

யுத்த காலத்தில் கயத்தாற்றுப் பக்கம் பொட்டலை நிரவி வெள்ளைக்காரப் பட்டாளம் விமானம் இறக்கிக்கொண்டிருந்தது. நயினார் அங்கே ஃபிட்டர் வேலைக்குப் போனான். விமானம் ஓட்டுகிறவனின் தலைக்கு மேலே ஒரு மூடி இருக்கும். பார்த்தால் கண்ணாடி, ஆனால் கண்ணாடி இல்லை. பெர்ஸ்பெக்ஸ் என்று அதற்குப் பெயர். கையில் எடுத்தால் கனமே தெரியாது, தட்டினால் கண்ணாடிச் சத்தமும் வராது. உடைந்த மூடியின் சில்லுகளை அரத்தால் ராவி மோதிரமும் சீப்பும் செய்துகொள்வது அங்குள்ள ஃபிட்டர்மாருக்குப் பொழுதுபோக்கு. நயினாரும் பெண்டாட்டிக்கு ஒரு மோதிரம் ராவிக்கொண்டு வந்தான்.

"வைரமா?" என்றாள் செல்லத்தாய், விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

"வைரம் பூமிக்குள்ள கெடக்குத சாமான்தானளா. இது வானத்துல பறந்தது."

ஆம்பிளைக்குப் பேச்சுக்கா குறைச்சல்! அவளும் மயங்கிப்போய், சோறு வடிக்கும்போதுகூட அந்த மோதிரத்தைக் கழற்றவில்லை.

ஒரு மத்தியானம், இறங்க வந்த விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டிப் போய் மூக்குக் குத்தி நின்றது. பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பையன், மீசைகூடச் சரியாக அரும்பாதவன், இரண்டு கையாலும் மூடியை அறைந்துகொண்டிருக்கிறான். எல்லாரும் எட்ட நின்று கத்தினார்கள். நயினார் கோடரியோடு இறக்கையில் ஏறி ஓங்கி ஓங்கிப் போட்டான். மூடி தெறித்துச் சிதறியது. பையனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, தானும் குதித்து ஓடி வந்து முகத்தைத் துடைத்தபோதுதான், வலது கண்ணால் ஒன்றும் தெரியவில்லை என்பதே அவனுக்கு உறைத்தது.

பட்டாள ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வெளியே நின்ற சில்லுகளை எல்லாம் எடுத்தார். ஒன்று மட்டும் கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. அதைத் தோண்டப் போனால் கண்ணே போய்விடும், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். புண் ஆறிவந்தபோது பார்த்தால், அதிசயம், பார்வை இருந்தது. ஆனால் ஊருக்கு அனுப்புமுன் டாக்டர் சொன்னதை ஒரு கம்பவுண்டர் தமிழில் எடுத்துச் சொன்னார். கண்ணைக் கசக்கக் கூடாது. அழக் கூடாது, கண் கலங்கவே கூடாது. அந்தக் கண் சிவந்து வலித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கண்ணை எடுத்துவிட வேண்டியிருக்கும். எடுக்காமல் விட்டால் அதோடு இடது கண்ணும் கெட்டு, ஆள் முழுக் குருடாகிவிடுவான்.

"ரெண்டும் கூடப் பொறந்ததுல்லா. ஒண்ணு போனா மத்தது பொறுக்காதாம்" என்று நயினார் கண்கட்டோடு வீட்டில் வந்து நின்று சிரித்தபடி சொன்னான். செல்லத்தாய் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மாமியார் முத்துக்கனி சொன்னாள் பாருங்கள் ஒரு வார்த்தை!

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போடுதிய? சிப்பிக்குள்ள மண்ணு போனா என்ன ஆவும்? அத மூடி மூடி முத்தாக்கிரும்லா. எம்பிள்ள கண்ணுக்குள்ளயும் ஒரு நா முத்து விளையும், பாத்துக்கிடுங்க!"

முத்துக்கனிக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். துறைமுகத்துச் சங்கு ஊதினாலும் அதற்கு மேலே அவள் குரல் கேட்கும். புருஷன் இருந்த காலத்தில் ஏலம் எடுத்த சிப்பிக் குவியலில் கிடைத்த ஒற்றை முத்து அவள் மூக்குத்தியில் இருந்தது. அன்றிலிருந்து அவள் மூக்கைத் தொட்டுத் தொட்டுச் சொல்லாத இடமில்லை. குழாயடியில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், மீன் கொண்டுவருகிற கிரேசியிடம் சொன்னாள். "எம்பிள்ள கண்ணுல போட்டிருக்கு, விளையட்டும். இதுக்கு ஜோடி ஆயிரும்." நயினார் அதைக் கேட்கும்போதெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான்.

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பனங்காட்டுக்காரி. சிப்பியையும் முத்தையும் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? மாமியார் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். முத்து என்றால் வெள்ளை. கண்ணுக்குள் வெள்ளை விழுந்தால் ஏரலில் அதற்கு என்ன பெயர்? பூ விழுந்த கண். புரை விழுந்த கண். இது பெற்றவள் ஆசைப்படுகிற காரியமா? கல்நெஞ்சுக்காரி என்று மாமியாரை மனசுக்குள் வைதாள். அந்த மோதிரத்தைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் போட்டாள். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்புறம்தான் தினமும் காலையில் இந்தப் பார்வையிடல். நயினார் வாசலில் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். அவள் அவன் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்புவாள். அவன் அதற்குப் பரேடு என்று பேர் வைத்திருந்தான்.

"ஏளா, பரேடு முடிஞ்சிதா? சலாம் போட்டுரட்டா?"

"சும்மா இருங்க. மேல பாருங்க. அந்தாக்ல அசையாம இருங்க."

ஒரு சாய்வில், கண்ணின் ஆழத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னும். உடனே மறைந்துவிடும். வெள்ளையா, வெறும் வெளிச்சமா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தேடுவாள். தேடினால் கிடைக்காது.

"உங்களுக்கு எப்படித்தான் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஆனா வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு தொணை இருக்கும். சூரியன் கடலுக்குள்ள இருந்து எழும்புதுல்லா, பக்கத்துலயே குட்டியா இன்னொண்ணு எழும்பும். தீக்குச்சி கிழிச்சா அதுக்கு ஒரு தங்கச்சி."

காற்றில் வந்த உமி ஒன்று விழுந்தாலே மனுஷனைக் குதிக்க வைக்கிற கண் இது. அதற்குள் விமானத்தின் சில்லு ஒன்று குடியிருக்கிறது. இந்த மனுஷன் என்னவென்றால் அதை வைத்துக்கொண்டு இரண்டு சூரியன் பார்க்கிறான்.

யுத்தம் முடிந்தது. நயினார் துறைமுகத்தில் லாஞ்சு பழுதுபார்க்கிற பட்டறையில் சேர்ந்தான். மகள் செல்லக்கிளி பிறந்தாள். கண்ணில் முத்து விளையவில்லை. பயம் கொஞ்சம் தணிந்திருந்த நேரத்தில், மீன்காரி கிரேசி ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "முத்துன்னா என்ன நெனச்ச? உடனே ஆயிருமா? வருசம் போவணும்லா" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கென்ன! இங்கே செல்லத்தாய்க்குத் தூக்கம் போயிற்று. அப்படியென்றால் இப்போதுதானே விளைகிற காலம்?

கண்ணில் எது விழுந்தாலும் தாய்ப்பால் விட்டால் தானாக வெளியே வந்துவிடும் என்பது அவள் ஊரில் எல்லாரும் செய்கிற கைவைத்தியம். பிள்ளைக்குக் கொடுத்தது போகப் பால் இருந்தது. நயினாரிடம் சொன்னால் விடமாட்டான். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதுதான் அவனுக்கு வேதம். அவன் காலை ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்வான். குறட்டை கேட்டதும் செல்லத்தாய் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையோடு பக்கத்தில் உட்காருவாள். இமையை நோகாமல் பிரித்து ஒரு சொட்டு விடுவாள்.

ஆடிக்காற்று தெருப்புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பரேடுக்கு வந்து உட்கார்ந்த நயினாரின் வலது கண் செக்கச்செவேல் என்று இருந்தது.

நாடியைப் பிடிக்க நீட்டிய கையோடு அவள் நின்றுவிட்டாள். "என்னளா, பேயறஞ்ச மாதிரி நிக்க?" என்றான் அவன். "லேசா மணல் கெடக்குத மாதிரி உறுத்துது, அம்புட்டுதான்." பொய். இமையைத் திறக்கவே அவனால் முடியவில்லை.

உள்ளூர் டாக்டர் டார்ச்சு அடித்துப் பார்த்தார். கதையைக் கேட்டதும் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார். "இதத் தொட எனக்குப் பயமா இருக்குய்யா. இன்னைக்கே ரயிலேறிப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. எடுக்கணும்னா எடுத்துரட்டும். ஒரு கண்ணாவது மிஞ்சணும்லா" என்றார்.

வீட்டில் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது முத்துக்கனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகனைப் பார்த்தாள். அப்போதும் அந்த வாய் சும்மா இருந்ததா? "ஏலே, எடுத்தாங்கன்னா அந்த முத்த மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துரு. விட்டுட்டு வந்துராத" என்றாள். நயினார் வலியோடு வலியாகச் சிரித்தான்.

செல்லத்தாய்க்குத் தாங்கவில்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், மூட்டையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "நீங்க பெத்த பிள்ளைதான அத்தை இது? நீங்கள்லாம் ஒரு மனுஷியா?" என்று கத்தியேவிட்டாள். முத்துக்கனி அடுப்படிக்குப் போய், வழிக்குக் கட்டிக்கொடுக்கப் புளிச்சோறு கிண்டினாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் செல்லத்தாய் குதிரைவண்டியை நிறுத்தச் சொல்லி, அய்யாக்குட்டி ஆசாரியின் பட்டறைக்குள் ஓடினாள். கண்ணுக்கு ஒன்று என்றால் சந்தனமாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக நேர்ந்துகொள்வது இங்கே வழக்கம். "அண்ணாச்சி, ஒரு ஜோடி கண்மலர் அடிச்சு வைங்க. எம்மாப்பிள்ள கண்ணோட திரும்பி வந்தா வந்து வாங்கிக்கிடுதேன்" என்றாள். ஆசாரி ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்து என்னமோ சொல்ல வந்தார். வண்டிக்காரன் சத்தம் போட்டான். "சரி தாயி, போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ரயில் மணியாச்சி தாண்டியதும் செல்லத்தாய் மடியில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே உடைந்துபோனாள். "நாந்தான் ஒங்க கண்ணக் கெடுத்துட்டேன். தூங்கும்போது பால் விட்டேன். தினமும் விட்டேன்."

"தெரியும்" என்றான் நயினார்.

"என்ன தெரியும்?"

"ஒதட்டுல வழிஞ்சா தெரியாதாக்கும்? இனிப்பா இருந்துச்சு. மொத நாளே முழிச்சுக்கிட்டேன். நீ கை நடுங்க நடுங்க விட்டியா, எழும்பி உன்னப் பயமுறுத்த மனசு வரல. குறட்டையக் கொஞ்சம் கூட்டி விட்டேன்."

இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய! அவள் அழுதாள். அவன் அழவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழக் கூடாது என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்ரபாணி என்பவரிடம் அனுப்பினார்கள். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு, மூக்கு நுனியில் கண்ணாடி. நயினாரை இருட்டறைக்குள் கூட்டிப்போய் ஒரு மிஷின் முன்னால் உட்கார வைத்தார். நாடியை வைக்க ஒரு தாங்கி, நெற்றியை முட்டுக்கொடுக்க ஒரு பட்டை. கதவிடுக்கில் வருகிற வெயில் மாதிரி மெலிந்த ஒரு வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, மறுபக்கம் இரட்டைக் குழலில் கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளையை வெளியே ஒரு நர்ஸிடம் விட்டுவிட்டுச் சுவரோடு நின்ற செல்லத்தாய், கண் போனதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"எப்பய்யா எடுப்பிய?" என்றாள்.

"எதை?"

"கண்ண."

டாக்டர் குழலிலிருந்து தலையைத் தூக்கினார். "கண்ணை ஏம்மா எடுக்கணும்? இது வெறும் கண்நோக்காடு. இந்த ஊர்லே பாதிப் பேருக்கு இப்போ இருக்கு. வெளித்தோல் சிவந்திருக்கு, அவ்வளவுதான். மருந்து விட்டா போயிடும்." அப்புறம் குழலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உள்ளே சில்லு கிடக்கு, ஆனா அதாலே ஒரு கெடுதலுமே இல்லை. நான் அதைத்தான் நம்ப முடியாமப் பார்த்துண்டிருக்கேன்."

அவள் பால் விட்டதைச் சொன்னாள். "பால் குழந்தைக்கு. கண்ணுக்கு இனிமே எதையும் விடாதே" என்று ஒரு அதட்டல் போட்டார். அவள் முத்தையும் சொன்னாள். சிப்பிக்குள் மண் போனால் முத்தாகிற மாதிரி, கண்ணுக்குள் வெள்ளை பூசி வருமாமே, வந்திருக்கிறதா என்று கேட்டாள். டாக்டர் சிரிப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எந்த ஊரும்மா நீ?"

"ஏரல்."

"ஏரலா! நான் ஸ்ரீவைகுண்டம். ஒரே ஆத்துத் தண்ணி குடிச்சவா நாம." எழுந்து முக்காலியை அவள் பக்கம் தள்ளினார். "நீ நினைக்கறது தப்பே இல்லை. நியாயமா அப்படித்தான் ஆகணும். இரும்புத் தூள் போனா துருவே கண்ணைத் தின்னுடும். முள்ளு போனா சீழ் வைக்கும். எது போனாலும் கண்ணு சும்மா இருக்காது. வா, ஒக்காரு. நீயே பாரு."

செல்லத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. டாக்டர் ஒரு திருகைத் திருப்பினார். சட்டென்று எல்லாம் துலங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது கண் மாதிரியே இல்லை. நடுவில் இருண்ட ஒரு கிணறு. அதன் விளிம்பிலிருந்து நாலாபக்கமும் பழுப்பும் பொன்னுமாக நார்கள் ஓடிக் கிடந்தன, அவள் அம்மா குருத்தோலையைக் கிழித்து முடைகிற கொட்டான் பெட்டியின் அடிப்பக்கம் மாதிரி. ஒரு நார் பிசகவில்லை. யார் உட்கார்ந்து முடைந்தது இதை? டாக்டர் வெளிச்சத்தை அசைத்தார். கிணறு சுருங்கியது. விலக்கினார், விரிந்தது. அத்தனை நாரும் கூடவே நீண்டு குறுகின. அதற்கு மேலே தண்ணீர். அப்படி ஒரு தெளிந்த தண்ணீரை அவள் தாமிரபரணியில்கூடப் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீருக்கு அடியில், கிணற்றுக்குக் கொஞ்சம் கீழே, நார்மேல் சாய்ந்து கிடந்தது அது.

ஒரு சில்லு. மூன்று மூலை, அதில் ஒரு மூலை முறிந்திருந்தது. விளிம்பில் வெளிச்சம் பட்டு நிறம் நிறமாக ஓடியது. பாசி இல்லை, பூ இல்லை, ஒரு துளி வெள்ளை இல்லை. சில்லுக்கு அடியில் போகிற நார்கூட அதன் வழியே தெரிந்தது. அன்று காலையில்தான் யாரோ கழுவி வைத்த மாதிரி இருந்தது. கண் சுருங்கி விரியும்போது அதுவும் கூடவே லேசாக ஏறி இறங்கியது.

"எம்மா…" என்றாள் செல்லத்தாய்.

"என்னளா தெரியுது?" என்றான் நயினார் தாங்கியில் நாடியை வைத்தபடி.

"நான் ஒங்க கண்ணப் பாத்தா என் மூஞ்சிதான தெரியும். அதுக்குப் பின்னால இம்புட்டு இருந்திருக்கே! இத்தன நாளும் இது எனக்குத் தெரியாமப் போச்சே!" பயமும் இல்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. கர்ப்பக்கிரகத்தின் கதவைத் திறக்கும்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடுமே, அதுதான் ஓடியது. முக்காலியை விட்டு எழுந்திருக்க மனசே வரவில்லை.

"சிப்பிக்கு உறுத்தறது, அது பூசறது" என்றார் டாக்டர். "இந்தக் கண்ணுக்கு இது உறுத்தவே இல்லை. தன்னோடதுன்னு நினைச்சுண்டிருக்கு. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கறேன்." அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "தினமும் புரை விழுந்து வரா. கண்ணுக்குள்ளே கடவுள் வெச்ச லென்ஸ் கலங்கிப்போச்சுன்னா அதை எடுத்துடறோம். அதுக்குப் பதிலா சோடா பாட்டில் அடிமாதிரி கண்ணாடியை மூக்குமேலே மாட்டி அனுப்பறோம். இதே சாமான்லே லென்ஸ் ஒண்ணு கடைஞ்சு உள்ளேயே வெச்சுட்டா என்ன?" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "வெளியிலே சொல்லிடாதே. எனக்குப் பைத்தியம்னுடுவா."

"அளவு சொல்லுங்க சார், நான் ராவித் தாரேன்" என்றான் நயினார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். இன்றைக்கு ஊர் ஊருக்கு முகாம் போட்டு, கண்ணுக்குள்ளே லென்ஸ் வைத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நமக்கு அது ஒரு செய்தியே இல்லை. அன்றைக்கு அந்த இருட்டறையில் அது சிரிப்பதற்கான விஷயமாகத்தான் இருந்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகும் டாக்டர் அந்தக் குழல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சொட்டுமருந்து கொடுத்து அனுப்பும்போது, "கசக்காதே. பார்வை மங்கினா உடனே வா. மத்தபடி வேலைக்குப் போகலாம், தலைக்குக் குளிக்கலாம், அழலாம், சிரிக்கலாம்" என்றார்.

"அழலாமா?" என்றாள் செல்லத்தாய். "அழவே கூடாதுன்னு அந்த டாக்டரு சொல்லியிருந்தாரே."

"அது பச்சைப் புண்ணா இருந்தப்போ சொன்னது. அது ஆறி எத்தனை நாளாச்சு! கண்ணீர் வெளியிலேதானே ஓடறது, தாராளமா அழலாம்."

ஊர் திரும்பியபோது சிவப்பு வடிந்திருந்தது. வாசலில் நின்ற முத்துக்கனி மகனின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "முத்து எங்கலே?" என்றாள்.

"விளையலம்மா. டாக்டரு நல்லாப் பாத்துட்டாரு. உள்ள கெடுதல் ஒண்ணும் இல்ல, கண்ணு நல்லாருக்குன்னுட்டாரு. இனி அழக்கூடச் செய்யலாமாம்."

"ஆங்" என்றாள் முத்துக்கனி. அதோடு உள்ளே போய்விட்டாள். இதற்குக்கூட ஒரு நல்ல வார்த்தை இல்லையா என்று செல்லத்தாய்க்கு ஆற்றாமையாக இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவள் கடுகைக் கிளறி அந்த மோதிரத்தை எடுத்து, துடைத்து விரலில் போட்டுக்கொண்டாள். பிள்ளையை இடுக்கிக்கொண்டு நயினாரோடு அய்யாக்குட்டி ஆசாரியின் பட்டறைக்குப் போனாள். "நீங்க முன்ன போங்க, நான் கோயிலுக்கு வந்துருதேன்" என்று முத்துக்கனி சொல்லியிருந்தாள்.

ஆசாரி பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்த இரண்டு முடிச்சை எடுத்து வைத்தார். "இது நீ சொன்னது தாயி. இது உங்க அத்தை சொன்னது."

"அத்தையா? எப்ப?"

"நயினாரு கண்ணுல கட்டோட ஊருக்கு வந்தான்லா, அன்னைக்கு சாயந்தரம். இந்தா, இங்கனதான் உக்காந்தா. என்ன அழுகைங்க! மூக்குத்தியக் கழட்டி நீட்டுதா. 'முத்தும் வேண்டாம் கித்தும் வேண்டாம் அண்ணாச்சி, எம்பிள்ளைக்குக் கண்ணு போதும்'ங்கா. நான் மூக்குத்திய வாங்கல. கண்ணு பிழைச்சது உறுதியான பொறவு வந்து எடுத்துக்கிடுதேன்னு போனவதான். நானும் அடிச்சு வச்சிட்டுக் காத்துக் கெடக்கேன்."

செல்லத்தாய் நயினாரைப் பார்த்தாள். அவனுக்கும் இது புதுசுதான்.

"பொறவு ஏன் ஊரெல்லாம் முத்து விளையும் முத்து விளையும்னு சொன்னாங்க?" என்றாள்.

"நானும் கேட்டேன் தாயி. 'பெத்தவ அழுதா பிள்ள கண்ணு கலங்கும். கலங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நான் சிரிச்சாத்தான் அவன் சிரிப்பான். யாருட்டயும் சொல்லிராதிய'ன்னா. வீட்டுல அழ முடியாம அப்பப்ப இங்கன வந்து அழுதுட்டுப் போவா. நீங்க ரயிலேறுன அன்னைக்கும் வந்தா."

அன்றைக்குத்தான் செல்லத்தாய் மாமியாரை, நீங்கள் ஒரு மனுஷியா என்று கேட்டது. அவள் இரண்டு முடிச்சையும் எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சந்தனமாரி கோயிலில் கூட்டம். முத்துக்கனி முன்னாலேயே வந்து தூணோரம் நின்றிருந்தாள். மருமகள் கையில் இரண்டு முடிச்சைக் கண்டதும் அவள் முகம் மாறியது. பூசாரி நாலு வெள்ளிக் கண்ணையும் அம்மன் முகத்தில் சாத்தி, சூடத்தைக் கொளுத்திக் காட்டினார். நயினார் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான்.

"ஏளா" என்றான் மெதுவாக. "எனக்கு எட்டுக் கண்ணு தெரியுது."

முத்துக்கனி மருமகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அந்தப் பட்டணத்து டாக்டரு," என்றாள், ஊரே கேட்கிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ, "இவன் அழலாம்னு சொன்னாராமே. நெசமாளா?"

"நெசம் அத்தை. எங்கிட்டதான் சொன்னாரு. தாராளமா அழலாம்."

"இனி ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆவாது அத்தை."

அவ்வளவுதான். முத்துக்கனி தூணில் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். துறைமுகத்துச் சங்குக்கு மேலே கேட்கும் அந்தக் குரலை எடுத்து, "எய்யா! எஞ்சாமீ!" என்று அழுதாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. நயினார் ஓடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தான். அவனுக்கும் இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்தது. துடைக்கப் போன அவன் கையைச் செல்லத்தாய் தட்டிவிட்டாள். பழக்கம் போகுமா? நாடியைப் பிடித்து நிமிர்த்தி, சூடத்து வெளிச்சத்தின் பக்கம் அவன் முகத்தைத் திருப்பினாள். அத்தனை கண்ணீருக்கும் பின்னால் அந்தச் சில்லு இருந்த இடத்திலேயே இருந்தது, பளிச்சென்று.